ஆற்றுப்படைப் பட்டினங்களில் கள்ளும் விலையும்

பத்துப்பாட்டுள் பெரும்பாணாற்றுப்படையும் சிறுபாணாற்றுப்படையும் செங்கற்பட்டு வட்டாரத்தோடு நெருங்கிய தொடர்புடையன. முன்னதன் தலைவன் கச்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையன். பின்னதைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இடைக்கழிநாட்டினர். அந்நாட்டுப் பெயர் செய்யூர் வட்டத்தில் இன்றும் வழங்குகின்றது. படாளத்தில் நின்று வடமேற்கே நோக்கின் கச்சியும், கிழக்கே நோக்கின் மல்லைக் கடற்கரையும், தெற்கே நோக்கின் ஓய்மாநாட்டு எயிற்பட்டினமும் ஏறத்தாழ ஒருநாள் அல்லது இருநாள் நடைத்தொலைவில் அமையும். பாணர் நடந்த நிலம் இதுவே என்பதில் ஐயமில்லை.

இவ்விரு பாட்டுகளிலும் கள் பற்றிய செய்திகள் மிகுதி. அவற்றைக் கற்பிப்போர் பெரும்பாலும் இருவகையினர். கள்ளுண்ணாமை பாடிய வள்ளுவரை நினைந்து, அவ்வடிகளை விரைந்து கடப்பவர் ஒருசாரார். ‘அக்காலத்துக் கள் விற்பனைப் பொருளன்று, விருந்துப் பொருள்’ என்று கூறி மகிழ்பவர் மற்றொரு சாரார். நாமும் பல்லாண்டு இரண்டாம் வகையினராகவே இருந்தோம். அக்கருத்தை ஆராயத் தூண்டியது மாணவர் ஒருவரின் வினா. கடலோரக் குப்பமொன்றிலிருந்து வந்து பயில்பவர் அவர். சிறுபாணாற்றுப்படையை நடத்திக்கொண்டிருந்தபோது எழுந்து, “ஐயா, அந்த நுளைமகள் விலை வாங்கவில்லையா?” என்றார். வகுப்பு சிரித்தது. நம்மிடம் விடை இல்லை.

முதற்கண் செய்ம்முறையைக் காண்போம். பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பில் கள் அடும் முறையைப் படிப்படியாக விளக்குகின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி அட்டு, வாயகன்ற பிழாவில் ஆற்றுகின்றனர். பின்னர் முளையை இடித்துச் சேர்க்கின்றனர். இரு பகலும் இரு இரவும் கழிந்தபின், சாடியில் முற்ற விளைந்ததனை வெந்நீரிட்டு விரலால் அலைத்து அரித்துப் பிழிகின்றனர். சுட்ட மீனோடு அது பாணனுக்குக் கிடைக்கும். முளையைச் சேர்த்தல் என்பது புலவர் அணிக்காகக் கூறிய செய்தியன்று. முளைவிட்ட தானியத்தில் தோன்றும் நொதிகளே மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுவன. அச்சர்க்கரையே பின்னர்ப் புளித்து மதுவாகின்றது. மேலைநாட்டார் வாற்கோதுமை முளையைக் கொண்டு பீர் செய்வதும் இந்நெறியாலேயே. எனவே இஃது அடுகளத்தைக் கண்ணாற் கண்ட ஒருவர் பாட்டு என்று துணியலாம்.

இப்பகுதிக்குச் சற்று முன்னர்க் கருப்பஞ்சாறு காய்ச்சும் புகை சூழ்ந்த ஆலைகளும், ஓயாது ஒலிக்கும் எந்திரங்களும் கூறப்படுகின்றன. படாளம் இன்று அறியப்படுவது அங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் என்பதை ஈண்டுக் குறித்தல் பொருந்தும். கரும்பேற்றிய வண்டிகள் சாலையை அடைத்து நிற்கும் நாளில் அவ்வழியே சென்றார்க்கு அவ்வடிகள் உரையின்றி விளங்கும். பாணனுக்கு அங்கும் சாறு விலையின்றியே கிடைக்கின்றது. இதனை நினைவிற் கொள்க.

இனிச் சிறுபாணாற்றுப்படை. எயிற்பட்டினத்தில், கடல் அலை கொணர்ந்து ஒதுக்கிய மணமரம் விறகாகின்றது. நுளைமகள் பழம்படு தேறலை அரித்து வைக்கின்றாள். பரதவர் அதனைப் பாணர்க்கு ஊட்டுகின்றனர். இங்குத் தீ மூட்டப்படுதலைக் கண்டு, இது வாலை வடித்த சாராயம் என்று எழுதுவாரும் உளர். அஃது ஏற்புடைத்தன்று. செய்யுள் கூறும் வினை அரித்தலேயன்றி ஆவியாக்கி வடித்தலன்று. தேறல் என்பது தெளிந்தது. அரியல் என்பது அரிக்கப்பட்டது. பிழி என்பது பிழியப்பட்டது. பெயர்களே செய்ம்முறையை உணர்த்தி நிற்கும்போது, பிற்காலச் சாராயத்தைச் சங்கச் சாடியில் ஊற்ற வேண்டுவதில்லை.

நீர்ப்பெயற்று என்னும் துறைமுகப் பட்டினத்தை மாமல்லபுரம் என்பாரும், பாலாறு கடலொடு கலக்கும் வாயலூர்ப் பக்கம் என்பாரும் உளர். வாயலூரை அடுத்த வசவசமுத்திரத்தில் 1970-இல் நடந்த அகழாய்வில் அயல்நாட்டு மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. ஆயின் பெரும்பாணாற்றுப்படை அப்பட்டினத்தில் யவனர் தேறலைக் கூறவில்லை. கள் அடும் மகளிர் கலங்கழுவிய நீர் வழிந்து சேறாவதும், அச்சேற்றில் பன்றிகள் புரள்வதும், குழியில் நிறுத்தி நெல்மா ஊட்டி வளர்த்த ஆண்பன்றியின் ஊனும் நறவும் பாணன் பெறுவதுமே கூறப்படுகின்றன. ஓங்கிய மாடங்களும் கலங்கரை விளக்கமும் உடைய பட்டினத்தில் கள் விற்கும் கடை ஒன்றேனும் இராதா?

இங்கே ஓர் ஒப்பீடு உதவுகின்றது. பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையையும் பாடினார் என்பது மரபு. பட்டினப்பாலையின் புகாரில் நறவு விற்கும் கடை உண்டு. அதற்குக் கொடி உண்டு. முன்றிலில் மீனும் ஊனும் பொரியும் ஓசை உண்டு. மணல் குவித்து மலர் தூவிய வாயிலில் பலர் புகுகின்றனர். கொடியைப் பெயர்ப்பலகை என்று மாற்றினால் இற்றை நாளைய ‘பார்’ கூடத்திற்கும் அதற்கும் வேறுபாடு சிறிதே. (கடற்கரைச் சாலை விடுதிகளில் ‘காக்டெயில்’ கலந்து தருவோர் மலர் தூவுவது கோப்பைக்குள், அவ்வளவே.) ஒரே புலவர் புகாரில் கடையைக் கண்டார், நீர்ப்பெயற்றில் காணவில்லை என்றால், வேறுபாடு ஊரில் இல்லை, பாட்டின் துறையில் உள்ளது. ஆற்றுப்படை, பரிசில் பெற்றான் ஒருவன் பெறாதானை ஆற்றுப்படுத்துவது. கேட்பவன் கையில் பொருளில்லை. ஆகவே வழிநெடுகக் கூறத்தக்கன அவன் பெறுவனவேயன்றி வாங்குவன அல்ல. கருப்பஞ்சாறும் இதனாலேயே விலையின்றி வந்தது.

இஃது ஊகமேயன்றோ எனின், அன்று. பெரும்பாணாற்றுப்படையிலேயே இதற்கு அகச்சான்று உண்டு. பகைவர் நிலம் புகுந்து ஆநிரை கவர்ந்து வரும் மறவர், அவ்வாவினைக் கள்ளுக்கு விலையாகத் தருகின்றனர். அதே இடத்தில் அவர்கள் வீட்டில் அட்ட தோப்பியையும் பருகுகின்றனர். விலைக்கள்ளும் மனைக்கள்ளும் அடுத்தடுத்து வருகின்றன. பாணன் அல்லாதான் உண்ணும்போது அப்பாட்டிலும் விலை தோன்றிவிடுகின்றது.

பிற்காலத்துக்கு வரின், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசம் கச்சித் தெருவைக் காட்டுகின்றது. 1917-இல் கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரத்தில் பதிப்பித்த இவ்வடமொழி அங்கதத்தில், காபாலிகன் மதுக்கடையை வேள்விச்சாலையோடு உறுப்புத்தோறும் ஒப்பிட்டுக் களிக்கின்றான். அறிஞர் பலர் அவ்வொப்புமையோடு நின்றுவிடுவர். நமக்கு வேண்டுவது அதற்கு அடுத்த நிகழ்ச்சி. அவன் கடைவாயிலில் நின்று ஐயம் கேட்கின்றான். மது ஐயமாகவே இடப்படுகின்றது. அதனை ஏற்க முற்படும்போதுதான் தன் கபாலம் தொலைந்ததை உணர்கின்றான். இடமோ கடை, ஆயினும் இரவலனுக்கு விலையில்லை. இக்காட்சியைக் கொண்டு பல்லவர் காலத்தில் மது விற்கப்படவில்லை என்று எவரும் கூறார். ஆற்றுப்படைக்கு மட்டும் அவ்வாறு கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வாராய்ச்சியை வலியுறுத்துதற்குக் காரணம் உண்டு. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் விரிந்த மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடியும் நீங்கியது. 1987 முதல் கள் இறக்குதல் தடையுற்றுள்ளது. 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் உள்ளது. ஒவ்வொரு திருப்பத்திலும் மேடைகளுக்குச் சங்க இலக்கியம் சான்று தர அழைக்கப்பட்டது. கள்ளை வேண்டுவார் நுளைமகளை அழைப்பர். மறுப்பார் வள்ளுவரை அழைப்பர். 2023 மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், மதுராந்தகம் பக்கத்துப் பெருங்கரணை முதலிய இடங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் உண்டு இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். எயிற்பட்டினம் மரக்காணத்தின் பக்கம் என்பது அறிஞர் துணிபு. நத்தத்தனார் பாடிய அதே கடற்கரை. அதே பரதவர் குடியிருப்பு. அவ்வாண்டிலும் ஒரு கூட்டத்தில், விலையில்லாத் தேறலின் பொற்காலம் பற்றி ஒருவர் உருகிப் பேசக் கேட்டோம். அவர் கூறியவற்றுட் பாதி, நாம் வகுப்பில் கற்பித்ததே. அதுவே நம்மை உறுத்தியது.

மாணவரின் வினாவுக்கு விடை பின்வருமாறு கூறினோம். நுளைமகள் விலை பெற்றிலள் என்றற்குச் செய்யுளில் சான்று இல்லை. பெற்றனள் என்றற்கும் இல்லை. பாணனிடம் பெற்றிலள் என்பதொன்றே நத்தத்தனார் கூறியது. அவர் அமர்ந்தவாறே, “மற்றவர்களிடம்?” என்றார். பட்டினப்பாலையை எடுத்து வருமாறு கூறினோம்.