ஆள் பாதி, ஆடை பாதி: பில் கன்னிங்ஹாமின் தெருப் படங்கள்

பில் கன்னிங்ஹாம் (1929–2016) அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், ஃபேஷன் பத்தியாளர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அவர் நடத்திய ‘ஆன் தி ஸ்ட்ரீட்’ என்னும் பத்தி 1970களின் இறுதியில் உருவாகி, அவர் மறையும் ஆண்டுவரை வெளிவந்தது. மேடையில் நடக்கும் மாடல்களை விட, வேலைக்குப் போகும் வழியில் சாலையைக் கடப்பவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள், எந்தப் பையை மாட்டியிருக்கிறார்கள், மழைக்கு எதைப் போர்த்தியிருக்கிறார்கள் என்பதே இப்பத்தியின் பொருள்.

ஃபேஷனைப் பின்பற்றுவது என்றால் நிறுவனங்கள் அறிவிப்பதை வாங்கிக்கொள்வது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கன்னிங்ஹாமின் படங்கள் இந்த எண்ணத்தை மறுக்கின்றன. ஆடை வடிவமைப்பாளர் ஒன்றைச் செய்து தரலாம். அதை எடுத்துக்கொள்வதா, தள்ளுவதா, வேறொன்றோடு சேர்த்து அணிவதா என்று முடிவு செய்பவர் அணிபவரே என்பது அவற்றின் வாதம். இந்த வாதத்தின் வலிமையும் அது காணத் தவறிய இடங்களும் சேர்த்தே பார்க்கப்பட வேண்டியவை.

தொப்பிக் கடையிலிருந்து தெருவுக்கு

கன்னிங்ஹாம் பாஸ்டன் நகரில் ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சில வாரங்களிலேயே படிப்பை விட்டு, 1948இல் நியூயார்க் வந்தார். அங்கே பெண்களுக்கான தொப்பிகள் செய்து ‘வில்லியம் ஜே.’ என்ற பெயரில் விற்றார். குடும்பத்தினருக்குச் சங்கடம் நேரக்கூடாது என்பதற்காகக் குடும்பப் பெயரைத் தவிர்த்தார். ஆண்பிள்ளைக்கு உடுப்பில் இத்தனை ஆர்வம் ஆகாது என்று வீட்டில் எழுந்த எதிர்ப்பை, அவர் மறைவுக்குப் பின் 2018இல் வெளியான ‘ஃபேஷன் கிளைம்பிங்’ என்ற நினைவுக்குறிப்பு நூலில் விவரிக்கிறார்.

1960களில் அமெரிக்கப் பெண்கள் அன்றாடம் தொப்பி அணிவதைக் கைவிட்டனர். தொப்பித் தொழில் சரிந்தது; அவருடைய கடையும் மூடப்பட்டது. பிறகு ஃபேஷன் செய்திகள் எழுதத் தொடங்கினார். 1967 வாக்கில் அவர் கைக்கு ஒரு சிறிய கேமரா வந்தது. அதைக் குறிப்பேடு போலப் பயன்படுத்தினார்.

இந்தப் பின்னணி அவர் பார்வையைப் புரிந்துகொள்ள உதவுகிறது. ஃபேஷன் மாற்றத்தால் தொழிலை இழந்த ஒருவர் அதே மாற்றத்தைப் பதிவு செய்பவராக ஆனார். பெண்கள் தொப்பியைக் கைவிட்டபோது எந்த நிறுவனமும் அதற்கு ஆணையிடவில்லை. தெரு முடிவு செய்தது, கடை மூடியது. பிற்காலப் படங்கள் அனைத்திலும் இந்தப் பாடம் உள்ளே இருக்கிறது.

பத்தி செயல்பட்ட முறை

1978இல் கன்னிங்ஹாம் தெருவில் ஒரு பெண்ணின் கோட்டைப் படம் பிடித்தார். நியூட்ரியா என்ற விலங்கின் ரோமத்தால் ஆன கோட் அது. அதன் தோள்பகுதி வெட்டப்பட்டிருந்த விதம் அவரைக் கவர்ந்தது. அணிந்திருந்தவர் நடிகை கிரெட்டா கார்போ என்பதை அவர் அப்போது கவனிக்கவில்லை. அந்தப் படமும் அதனுடன் சேர்ந்த தெருப் படங்களும் அவ்வாண்டு டிசம்பரில் நாளிதழில் வெளியாயின. அதுவே பத்திக்கு வழி வகுத்தது.

அவர் வழக்கமாக நின்ற இடம் மன்ஹாட்டனில் ஐந்தாம் அவென்யூவும் 57ஆம் தெருவும் சந்திக்கும் முனை. மிதிவண்டியில் வருவார். பாரிஸ் துப்புரவுத் தொழிலாளர்கள் அணியும் வகை நீலச் சட்டையே அவருக்கும் சீருடை. ஒரே வகைப் பொருள் பலரிடம் தென்படுகிறதா என்று நாள்கணக்கில் பார்ப்பார். இடுப்புப் பை, பர்க்கின் கைப்பை, சிறுகட்டம் போட்ட சட்டை, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சைக்கிள் அரைக்கால்சட்டை என ஒரு பொருள் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் படங்கள் ஒரே பக்கத்தில் சேரும்.

பத்தியின் திறன் இந்த அடுக்கலில் இருக்கிறது. ஒரு படம் தனி ஆளின் விருப்பத்தைக் காட்டும். பல படங்கள் அருகருகே வரும்போது ஒரு போக்கு தெரிகிறது. அதே பக்கம் வேறொன்றையும் காட்டுகிறது: ஒரே சட்டையை ஒருவர் கழுத்துவரை பொத்தான் போட்டு அணிகிறார், இன்னொருவர் கோட்டுக்கு மேல் தெரியும்படி விடுகிறார், மூன்றாமவர் இடுப்பில் கட்டிக்கொள்கிறார். பின்பற்றுதலுக்கு உள்ளேயே வேறுபாடு உண்டு. பிறரைப் போல் இருக்கவும், பிறரிடமிருந்து தனித்துத் தெரியவும் மனிதர் ஒரே நேரத்தில் விரும்புவதே ஃபேஷனை இயக்குகிறது என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். கன்னிங்ஹாமின் பக்கங்களை அக்கருத்துக்குப் படங்களாலான விளக்கம் எனலாம்.

பெயர் இல்லாத மனிதர்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது தமிழ்ப் பழமொழி. கன்னிங்ஹாம் ஆடை என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் உள்ளவர்களில் பெரும்பாலோர் யார், என்ன வேலை, எந்த ஊர் என்பவை தெரிவதில்லை. கார்போவையே அடையாளம் காணாமல் விட்டவருக்கு இது இயல்பு. புகழ்பெற்றவர்கள் இலவசமாகப் பெற்று அணியும் உடைகளில் அவருக்கு ஆர்வம் இல்லை. சொந்தப் பணத்தில், சொந்த ரசனையில் உடுத்தியவரே அவருக்கு முக்கியம்.

இந்தப் பெயரின்மை ஒரு வகைச் சமத்துவம். நடிகையும் அலுவலக ஊழியரும் ஒரே அளவுப் படங்களாக அருகருகே நிற்கின்றனர். இதில் ஒரு நெறியும் உண்டு. ‘விமன்ஸ் வேர் டெய்லி’ இதழுக்காக அவர் எடுத்த சாதாரணப் பெண்களின் படங்கள் அவர்களைக் கேலி செய்யும் விதத்தில் பயன்படுத்தப்பட்டபோது அவர் அவ்விதழை விட்டு விலகினார். அதன் பின் வந்த பக்கங்களில் யாரும் நகைப்புக்கு உள்ளாவதில்லை. ‘எது சரி, எது தவறு’ என்று உடைகளுக்கு மதிப்பெண் இடும் ஃபேஷன் எழுத்துக்கு நடுவே இது அரிய பண்பு.

இழப்பும் உண்டு. பெயரும் சொல்லும் இல்லாத மனிதர், போக்கு ஒன்றுக்குச் சான்றாக மட்டும் சுருங்கிவிடுகிறார். அந்தத் தொப்பியை ஏன் தேர்ந்தார், அது அவருடைய தாயாருடையதா, கடன் வாங்கியதா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

ரிச்சர்ட் பிரஸ் இயக்கிய ‘பில் கன்னிங்ஹாம் நியூயார்க்’ (2010) ஆவணப்படம் இந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது. சோபாத் துணியிலும் உடை தைத்துக்கொள்ளும் ஷைல் உபாத்யாய் என்ற நேபாளியர், ஐக்கிய நாடுகள் அவையில் பணியாற்றியவர், இப்படத்தில் தம் உடைகளைப் பற்றித் தாமே பேசுகிறார். பத்தியில் ஒரு வண்ணக் கோலமாக மட்டும் தெரியக்கூடியவர் இங்கே ஆளாகிறார். கன்னிங்ஹாமிடமும் படம் இதே கேள்வியைத் திருப்புகிறது. காதல் பற்றியும் தேவாலயம் பற்றியும் கேட்கப்படும்போது, இரண்டாவது கேள்விக்கு அவர் தலை குனிந்து நெடுநேரம் மௌனமாக இருக்கிறார். பிறரின் ஆடையை மட்டும் பார்த்தவரிடம் ஆளைத் தேடும் இக்காட்சியே படத்தின் உச்சம்.

விலை சொல்லாத பக்கம்

கன்னிங்ஹாமின் பக்கம் விலையைச் சொல்வதில்லை. இதனால் அது விளம்பரமாகாமல் தப்புகிறது. ஆனால் கட்டம் போட்ட சட்டையைப் பெரும்பாலோர் வாங்க முடியும்; பர்க்கின் கைப்பையின் விலை பல ஆயிரம் டாலர். இரண்டையும் ஒரே மாதிரி ‘தெருவின் போக்கு’ என்று காட்டும்போது பணம் என்ற காரணம் மறைந்துவிடுகிறது. அவர் நின்ற முனையும் பெரும் நகைக்கடைகளும் விலையுயர்ந்த அங்காடிகளும் சூழ்ந்த இடம். ஈஸ்டர் ஊர்வலம், தற்பாலினர் பெருமித ஊர்வலம் ஆகியவற்றிலும் அவர் படம் எடுத்தார் என்றாலும், பத்தியின் மையம் அந்த முனையாகவே இருந்தது. அந்த முனையை நியூயார்க்கின் ‘தெரு’ முழுமைக்கும் ஈடாகக் கொள்ள முடியாது.

பணத்திடமிருந்து அவர் தாம் விலகி நின்றது உண்மை. கார்னகி ஹாலின் மேல்மாடியில், கோப்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு சிறு கட்டிலில் வாழ்ந்தார். விருந்துகளைப் படமெடுக்கச் சென்றால் அங்கு ஒன்றும் உண்ண மாட்டார். கிழிந்த மழை அங்கியை ஒட்டுநாடா போட்டு அணிந்தார். தம் பார்வை யாருக்கும் கடன்படக் கூடாது என்பதே இந்த எளிமையின் காரணம். அதற்காக, அவர் பார்த்த பொருள்களும் பணத்திலிருந்து விடுபட்டவை ஆகிவிடா.

கேமரா தெரிந்த பிறகு

2005இல் ஸ்காட் ஷூமன் ‘தி சார்ட்டோரியலிஸ்ட்’ தளத்தைத் தொடங்கினார். தெரு ஃபேஷன் படங்கள் இணையத்தில் பெருகின. ஃபேஷன் காட்சி அரங்குகளுக்கு வெளியே, படம் எடுக்கப்படுவதற்காகவே உடுத்தி வருவோர் கூடினர். நிறுவனங்கள் அவர்களுக்கு உடையும் பையும் கொடுத்தன. விமர்சகர் சூசி மென்கெஸ் 2013இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை ஒரு சர்க்கஸாகக் கண்டு சாடினார்.

கன்னிங்ஹாமின் முறை ஒரு நிபந்தனையைச் சார்ந்தது: தெருவில் போகிறவர் தமக்காக உடுத்தியிருக்க வேண்டும். கேமராவுக்காக உடுத்தியவரைப் படமெடுத்தால், தெருவின் முடிவு போலத் தோன்றுவது நிறுவனத்தின் முடிவாகவே இருக்கக்கூடும். பனி பொழியும் நாள்களில் தேங்கிய நீரைத் தாண்டிக் குதிப்பவர்களை அவர் விரும்பிப் படமெடுத்ததை இங்கே நினைக்கலாம். குதிக்கும்போது பாவனைக்கு நேரமில்லை. எந்தக் காலணி உதவுகிறது, எந்தக் கோட் தடுக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

மதிப்பீடு

ஃபேஷனைப் பின்பற்றும் சாதாரண மனிதரை ஏமாளியாகவோ வெறும் வாடிக்கையாளராகவோ காணாமல், தேர்வு செய்யும் ஆளாகக் கண்டது கன்னிங்ஹாமின் பங்களிப்பு. தேர்வின் விளைவை அவர் நுட்பமாகப் பதிவு செய்தார். அந்தத் தேர்வுக்குப் பின்னுள்ள வருமானத்தையும் வாழ்க்கையையும் பக்கத்துக்கு வெளியே விட்டார். அவருடைய படங்களைச் சமூக வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளும் மாணவர், எந்த முனையில் நின்று எடுக்கப்பட்டவை என்பதையும் உடன் சேர்த்தே படிக்க வேண்டும். தம் உடையைத் தாமே தேர்ந்துகொள்ளும் வாசகருக்கு அவர் பக்கங்கள் கற்பிப்பது, புதியதை வாங்கும் முன் சுற்றிலும் இருப்பவர்கள் ஏற்கெனவே உள்ளதை எப்படி அணிகிறார்கள் என்று பார்க்கும் பழக்கத்தை.