தள்ளிப்போன பரீட்சை, ரத்தான தேர்வு

2020 ஜூன் 9ஆம் தேதி தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ரத்து செய்தார். 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே அறிவிப்பில் பாஸ். அதே ஆண்டு இலங்கையில் உயர்தரப் பரீட்சை ஆகஸ்டிலிருந்து செப்டம்பருக்கும், அங்கிருந்து அக்டோபர் 12க்கும் தள்ளிப்போனது. சரியாக அந்த நேரம் பார்த்து மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கொரோனா தொற்றுக் கொத்தணி வெடித்தது; கம்பகா மாவட்டத்தின் பல பகுதிகளில் ஊரடங்கு. பரீட்சை நிற்கவில்லை. ஊரடங்குப் பகுதி மாணவர்களுக்கு அனுமதி அட்டையே ஊரடங்கு பாஸ்.

தொற்றுக்கால இணையவழிக் கல்வியைப் பற்றி எழுதுகிறவர்கள் எத்தனை வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது, எங்கே டவர் எடுத்தது என்ற கணக்கிலிருந்துதான் தொடங்குவார்கள். அந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் பாக்கு நீரிணையின் இரண்டு கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது வேறு. வருஷக் கடைசியில் பரீட்சை உண்டா இல்லையா என்பதுதான் போனில் வந்த பாடத்துக்கு அங்கே ஒரு கனத்தையும் இங்கே இன்னொரு கனத்தையும் கொடுத்தது.

இலங்கையால் உயர்தரத்தை ரத்து செய்திருக்க முடியாது. ஆண்டுக்கு 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் 40 ஆயிரத்தைச் சுற்றித்தான். யார் உள்ளே என்பதை இசட் புள்ளி எனப்படும் ஒப்பீட்டு மதிப்பெண்ணும் மாவட்டக் கோட்டாவும் தீர்மானிக்கின்றன. அந்தப் புள்ளி இந்த ஒரு பரீட்சையிலிருந்து மட்டுமே பிறக்கிறது. தமிழ்நாட்டில் நிலைமை நேர்மாறு. மருத்துவத்துக்கு நீட் தனியாக இருக்கிறது; அது 2020இலும் 2021இலும் செப்டம்பரில் நடந்தே தீர்ந்தது. பொறியியலிலோ ஆண்டுதோறும் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. ஆகவே 2021 ஜூன் 5ஆம் தேதி, அடுத்து முதலமைச்சரான மு.க. ஸ்டாலின் பிளஸ் டூ தேர்வையும் ரத்து செய்தபோது வானம் இடிந்து விழவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் 50 விழுக்காடு, பதினொன்றில் 20, பன்னிரண்டின் செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் 30 என்று கூட்டிப் பட்டியல் கொடுத்தாகிவிட்டது.

இனித் தளங்களுக்கு வருவோம். இரண்டு அரசுகளும் வெறுங்கையோடு நிற்கவில்லை. இலங்கைக் கல்வி அமைச்சிடம் ஈ-தக்சலாவ என்ற மும்மொழித் தளம் தொற்றுக்கு முன்பே இருந்தது. தொலைபேசி நிறுவனங்கள் அதற்கு டேட்டாக் காசு வாங்காமல் திறந்துவிட்டன. பல்கலைக்கழக மாணவர்களுக்கு லேர்ன் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பின் வழியாக ஸூம் வகுப்புகளும் பல்கலைக்கழகத் தளங்களும் செலவின்றிக் கிடைத்தன. இலவசக் கல்வி என்பதை அந்த நாடு டேட்டா வரைக்கும் கொண்டுபோனது என்று சொல்லலாம். தொலைக்காட்சியில் சிங்களத்துக்குக் குரு கெதர, தமிழுக்கு நேத்ரா அலைவரிசை.

ஆனால் பள்ளிக்கூடம் உண்மையில் நடந்தது ஈ-தக்சலாவவில் இல்லை, வாட்ஸ்அப்பில். ஆசிரியை ரூல் தாளில் கணக்கைப் போட்டு, படம் பிடித்து, குழுவில் இடுவார். பிள்ளை கொப்பியில் எழுதி, கோணலாகப் படம் எடுத்துத் திருப்பி அனுப்பும். ஆசிரியை அந்தப் படத்தின் மேலேயே விரலால் சிவப்புக் கோடு இழுத்துத் திருத்துவார். நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது கொப்பி, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு படம். இரவு பத்து மணிக்கும் வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்த் திரும்பியிருக்கும். இதற்கான ரீலோட் ஆசிரியையின் சொந்தச் செலவு. பதுளை மாவட்டத்தில் பொஹிட்டியாவ என்ற ஊரில் டவர் எடுக்காததால் ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டுவழியே பாறையேறி உச்சியில் உட்கார்ந்து பாடங்களை இறக்கவும் ஏற்றவும் செய்ததை 2021இல் உலகச் செய்தி நிறுவனங்கள் படம் பிடித்துப் போட்டன.

தமிழ்நாட்டின் வாட்ஸ்அப் வகுப்பும் இதே அச்சுத்தான். வித்தியாசம் அதற்குக் கீழே இருந்த படுகையில். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. அப்போது கொரோனா என்ற சொல்லே யாருக்கும் தெரியாது. அரசு கேபிளில் 200ஆம் எண் சேனல். பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருந்தது. இவற்றையெல்லாம்விட, 2011இலிருந்து மேல்நிலை மாணவர்களுக்குக் கொடுத்துவந்த இலவச மடிக்கணினி இருந்தது. அதைச் சினிமா பார்க்கத்தான் கொடுக்கிறார்கள் என்று பத்து வருஷம் கிண்டலடித்தவர்கள் உண்டு. 2020 ஜூலையில் அரசு செய்த ஏற்பாடு எளிமையானது. பிளஸ் டூ மாணவர்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வரவேண்டும். ஹைடெக் லேபில் காணொளிப் பாடங்களை அதில் ஏற்றித் தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். டேட்டா வேண்டாம், டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். தொற்றுக்காலத்தில் இரு கரையிலும் நடந்த ஏற்பாடுகளில் இதுதான் புத்திசாலித்தனமானது என்பேன். செயலி கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்த கைதட்டலில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை. கல்லூரி மாணவர்கள் 9.69 இலட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டு 2021 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது. வகுப்புகள் ஆன்லைனுக்குப் போய்ப் பல மாதம் கழிந்த பிறகு.

அந்த 2021இன் நடுப்பகுதியில் இரு கரையின் கல்விச் செய்திகளிலும் ஒரு ஸ்டாலின் இருந்தார். சென்னை ஸ்டாலின் தேர்வை நிறுத்தினார். கொழும்பு ஸ்டாலின் வகுப்பை நிறுத்தினார். ஜோசப் ஸ்டாலின் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராக ஜூலை 8ஆம் தேதி ஆர்ப்பாட்டம் செய்ததற்காகக் கைதானார். பிணை கிடைத்த கையோடு தனிமைப்படுத்தல் என்ற பெயரில் முல்லைத்தீவு கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். 12ஆம் தேதி முதல் ஆசிரியர்கள் இணைய வகுப்புகளிலிருந்து விலகினார்கள். 1997 முதல் தீராத சம்பள முரண்பாடும் கோரிக்கையாகச் சேர்ந்துகொண்டது. 100 நாளுக்கு மேல் போன போராட்டம்.

அது வேலைநிறுத்தங்களில் ஒரு தனி வகை. பூட்டிக்கிடக்கும் பள்ளிக்கு எப்படி வராமல் இருப்பது? தங்கள் சொந்த போனையும் சொந்த டேட்டாவையும் எடுத்துக்கொண்டு ஆசிரியர்கள் வெளியேறினார்கள், அவ்வளவுதான். அவர்கள் வெளியேறியதும் அரசுத் தளத்தில் பாடம் எல்லாம் அப்படியே இருந்தது. படிப்பு மட்டும் இல்லை. தளம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது யாருடைய சட்டைப்பையில் இருந்தது என்பது அந்த நூறு நாளில் தெரிந்துவிட்டது. பரீட்சை நிற்காத நாட்டில் இது எவ்வளவு வலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் இதே போராட்டம் நடந்திருந்தால், ஆல் பாஸ் அறிவிப்புக்குப் பிறகு எத்தனை பெற்றோர் கவனித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

அந்த இடைவெளியில் இலங்கைப் பெற்றோர் எங்கே போனார்கள்? வழக்கம்போல ரியூசனுக்கு. பெயர்பெற்ற ரியூசன் மாஸ்டர்கள் ஏற்கெனவே ஸூமுக்கு மாறியிருந்தார்கள். வங்கியில் காசு கட்டி, சிட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வகுப்பு இணைப்பு வரும். டியூட் என்ற அச்சடித்த பாடக்குறிப்பு கூரியரில் வீட்டுக்கு வரும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து மாஸ்டரிடம் இரசாயனவியல் படிக்கலாம் என்பது தூரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே லாபம். அதே காலத்தில் இந்தியாவில் டியூஷன் கம்பெனியாகிவிட்டது. பைஜூஸ் 2021 ஏப்ரலில் ஆகாஷ் பயிற்சி மையங்களைக் கிட்டத்தட்ட 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. இலங்கை மாஸ்டர்கள் பள்ளி திறந்ததும் மண்டபத்துக்குத் திரும்பினார்கள், ஸூமையும் கைவிடாமல்.

பள்ளிகள் திறந்ததும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான். இலங்கையில் 200க்குக் குறைவான மாணவர்கள் உள்ள ஆரம்பப் பள்ளிகள் 2021 அக்டோபர் 21இல். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை நவம்பர் 1இல். ஆல் பாஸின் விலை அப்போதுதான் தெரிந்தது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில், தொற்றுக்கு முன் அதே வயதில் இருந்தவர்களைவிடப் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணிதத்தில் ஏற்பட்ட சரிவு தமிழில் ஏற்பட்டதைப்போல் இரு மடங்கு. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்கிறது அதே ஆய்வு. மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சேவை செய்தவர்கள் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். மாதம் 1000 ரூபாய். மாலையில் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பாய் விரித்து, பாட்டும் விளையாட்டுமாக ஒன்றரை மணி நேரம்.

இலங்கைக்கு அப்படி நின்று மூச்சுவிட நேரம் கிடைக்கவில்லை. 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடியால் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத் தவணைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அந்த மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரத்தைத் தொட்டது. ஜூனில் பெட்ரோல் இல்லாததால் பள்ளிகள் மறுபடி மூடப்பட்டு, பாடம் மறுபடி போனுக்கு வந்தது. சார்ஜ் போட மின்சாரம் இருந்த வேளைகளில். பரீட்சை மட்டும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. 2021க்கான உயர்தரம் 2022 பெப்ரவரியில் நடந்தது, 2022க்கானது 2023 ஜனவரியில், 2023க்கானது 2024 ஜனவரியில். தனக்குரிய ஆண்டுக்குள்ளேயே பரீட்சை தொடங்குவதற்கு 2024 நவம்பர் 25 வரை ஆயிற்று. பழைய ஆகஸ்டுக்கு அது அப்போதும் திரும்பவில்லை.