விளம்பரக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

அடுத்து வாங்கும் இருசக்கர வண்டி பெட்ரோலில் ஓடுவதா, மின்சாரத்தில் ஓடுவதா? பெருநகரங்களில் மட்டும் எழும் கேள்வி அல்ல இது. பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்திலும் மாதத் தவணையில் வண்டி எடுக்க நினைக்கும் குடும்பங்கள் இதைக் கேட்கின்றன. பதில் சொல்ல முதலில் முன்வருபவை விளம்பரங்கள். மின்சார வண்டி விளம்பரங்கள் பொதுவாக மூன்று வாதங்களை வைக்கின்றன. கிலோமீட்டருக்குச் சில காசுகளே செலவு, ஒருமுறை சார்ஜ் செய்தால் நெடுந்தூரம் ஓடும், புகையே கிடையாது. மூன்றும் பொய்யல்ல. ஆனால் மூன்றுமே பாதிக் கணக்குகள். மீதிப் பாதியை நாம் போட்டுப் பார்ப்போம்.

காசுக் கணக்கு

பீங்கான் சூளையில் வேலை செய்பவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். எரிக்கும் எரிபொருளின் வெப்பம் முழுவதும் பொருளைச் சுடப் பயன்படுவதில்லை. பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும் சுவர் வழியாகவும் போய்விடுகிறது. பெட்ரோல் எஞ்சினின் கதையும் இதுதான். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் அடங்கியுள்ளது. வண்டி லிட்டருக்கு 45 கி.மீ. ஓடினால், ஒரு கிலோமீட்டருக்கு 0.2 யூனிட் செலவாகிறது. மின்சார வண்டிக்கோ, சார்ஜ் செய்யும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, சுமார் 0.035 யூனிட் போதும். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு!

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மின்சாரம் யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 22 காசு. மின்சார வண்டிக்கு 25 காசு. விளம்பரம் இங்கே கணக்கை முடித்துக்கொள்கிறது.

நாம் முடிக்கக் கூடாது. ஏனெனில் மின்கலமும் தேய்கிறது. லித்தியம் அயனி மின்கலம் ஓடினாலும் தேயும். ஓடாமல் நின்றாலும் காலப்போக்கில் திறன் குறையும். வெப்பம் இத்தேய்வை விரைவுபடுத்துகிறது. கோடையில் தகிக்கும் நம் ஊர்களில் இதை மறந்துவிட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. மின்கலம் 8 ஆண்டு உழைக்கிறது, மாற்ற 50,000 ரூபாய் ஆகிறது, ஆண்டில் 300 நாள் வண்டி ஓடுகிறது எனக் கொள்வோம். நாள்தோறும் 40 கி.மீ. ஓட்டுபவர் 8 ஆண்டில் 96,000 கி.மீ. ஓட்டுவார். மின்கலச் செலவு கிலோமீட்டருக்கு 52 காசு. மின்சாரத்தையும் சேர்த்தால் 77 காசு. பெட்ரோலை விட மிகவும் மலிவு. நாள்தோறும் 8 கி.மீ. மட்டும் ஓட்டுபவர் 8 ஆண்டில் ஓட்டுவது 19,200 கி.மீ. அவருக்கு மின்கலச் செலவு மட்டுமே கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 60 காசு. மின்சாரத்தையும் சேர்த்தால் 2 ரூபாய் 85 காசு. பெட்ரோலே மலிவு!

இந்தக் கணக்கில் இரு வண்டிகளும் சமமாகும் எல்லை நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 கி.மீ. மின்சார வண்டியின் விலை 20,000 ரூபாய் கூடுதல் என்றால் அந்த எல்லை 15 கி.மீ. ஆகும். எஞ்சின் ஆயில், ஸ்பார்க் ப்ளக் போன்ற செலவுகள் இல்லாததால் சற்று இறங்கும். ஆக, "கடைத்தெருவுக்குப் போய்வர மட்டும்தானே, மின்சார வண்டி போதும்" என்ற பேச்சு தலைகீழானது. கொஞ்சமாக ஓட்டுபவருக்கு அல்ல, நிறைய ஓட்டுபவருக்கே மின்சார வண்டி பணத்தைத் திருப்பித் தருகிறது.

விலை வேறுபாடும் நிலையானதன்று. மத்திய அரசின் மானியம் கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக இருந்தது. 2023 ஜூனில் 10,000 ஆகவும், 2024-இல் 5,000 ஆகவும் குறைந்தது. மறுபுறம் 350 சி.சி. வரையுள்ள பெட்ரோல் வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று. எனவே பழைய விலை ஒப்பீடுகளை நம்பாதீர்கள்.

தூரக் கணக்கு

விளம்பரத்தில் காணும் தூரம் பெரும்பாலும் 'இந்திய ஓட்டச் சுழற்சி' என்ற சோதனையில் அளக்கப்பட்டது. அதில் வண்டியின் சராசரி வேகம் மணிக்கு சுமார் 22 கி.மீ.; உச்ச வேகமே 42 கி.மீ.தான். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 42 கி.மீ. வேகத்தில் உள்ளதைப் போல இருமடங்கு எதிர்ப்பு 60 கி.மீ. வேகத்தில் இருக்கும். உளுந்தூர்பேட்டை சாலையில், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு 60-இல் செல்பவருக்கு விளம்பரத் தூரம் எப்படிக் கிடைக்கும்? அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும் என்று எண்ணித் திட்டமிடுவது நல்லது. பெட்ரோல் வண்டியின் விளம்பர மைலேஜும் இப்படித்தான் சுருங்கும். ஆனால் அங்கே வழியில் பங்க் உண்டு. நிரப்ப ஐந்து நிமிடம் போதும். கடலூர் போய்வர ஏறத்தாழ 120 கி.மீ. அடிக்கடி அப்பயணம் உள்ளவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புகைக் கணக்கு

விருத்தாசலத்துக்கு அருகிலேயே நெய்வேலி இருக்கிறது. 1962 முதல் அங்கே பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கப்படுகிறது. ஈரம் மிகுந்த இந்நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் எடுத்தால் சுமார் 1.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். அதில் மட்டுமே ஓடும் மின்சார வண்டி கிலோமீட்டருக்கு 45 கிராம் வெளியிடுகிறது; மின்கம்பி இழப்பையும் சேர்த்தால் 50 கிராம். பெட்ரோல் வண்டியின் கணக்கு 51 கிராம். ஏறக்குறைய சமம்!

ஆனால் நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நெய்வேலியிலிருந்து மட்டும் வருவதில்லை. காற்றாலை, சூரிய ஒளி, நீர், அணு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. நாட்டின் சராசரியை எடுத்தால் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.73 கிலோ, கிலோமீட்டருக்கு 28 கிராம். பாதியை விடச் சற்றே அதிகம். மின்கலம் செய்யும்போது வெளியான வாயுவை ஈடுகட்டப் பத்தாயிரம் கிலோமீட்டர் வரை ஓட வேண்டியிருக்கலாம். புகை இல்லாமல் போகவில்லை. குறைந்து, இடம் மாறியிருக்கிறது. கடைத்தெருவில் நிற்பவர் மூக்குக்கு அது உண்மையான நன்மைதான்.

விளம்பரம் சொல்லாதது

2022-இல் தமிழகம் உட்படப் பல இடங்களில் மின்சார வண்டிகள் தீப்பற்றின. வேலூரில் வீட்டில் சார்ஜ் ஏற்றிய வண்டியால் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அதன்பின் மின்கலப் பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. எனவே பழைய வண்டி வாங்குபவர் அது தயாரான மாதத்தைப் பார்க்க வேண்டும். படுக்கையறையிலோ, வெளியேறும் ஒரே வழியை மறித்தோ சார்ஜ் செய்யாதீர்கள். எர்த் உள்ள ப்ளக் கட்டாயம். ஓடி வந்த சூடு தணிந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

உங்கள் கணக்கு

ஒரு மாதம் உங்கள் பழைய வண்டியின் கிலோமீட்டரை நாள்தோறும் நோட்டில் குறித்து வாருங்கள். கடையில் மின்கலத்தின் இன்றைய விலையையும், வாரண்டி ஆண்டையும் எழுத்தில் கேளுங்கள். மின் கட்டண அட்டையை எடுத்துப் பாருங்கள். வண்டிக்கான யூனிட்டுகள் உங்கள் பயன்பாட்டின் உச்சிப் படியில் போய்ச் சேரும், இலவச 100 யூனிட்டில் அல்ல. பிறகு மேலே போட்ட கணக்கில் உங்கள் எண்களை வைத்துப் பாருங்கள். நாளுக்கு 25 முதல் 50 கி.மீ. வரை ஓட்டி, இரவில் வீட்டில் சார்ஜ் செய்ய வசதி உள்ளவருக்கு மின்சாரம் ஏற்றது. 10 கி.மீ.க்குக் குறைவாக ஓட்டுபவருக்கு, ஓடும் நிலையிலுள்ள பழைய வண்டியே இன்னும் சில ஆண்டுகளுக்குப் போதும்.