பங்குனிக்குள் எடை போடும் ரோகு

ஜெயந்தி ரோகு மீனைப் பற்றி என்னிடம் யாராவது பேச்செடுத்தால், அன்றைக்கு அவருக்கு வேறு வேலை ஓடாது. பக்கத்துக் காட்டுக்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டதுமே வண்டியை விரட்டுகிறார். விரட்டட்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கண்மாயிலோ பண்ணைக்குட்டையிலோ மீன் விட்டவருக்குத்தான் இதன் அருமை தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நிறைகிற தண்ணீர் பங்குனியில் தரை தட்டிவிடும். அதற்குள் எடை போட்டால் காசு, இல்லாவிட்டால் கொக்குக்கு விருந்து.

முதன்முதலாக ஜெயந்தி விட்டு வலை இழுத்த அன்று, கையில் தூக்கியபோதே சொக்கிப்போனேன். என்ன முதுகு, என்ன தடிமன்! அதே தண்ணீர், அதே தவிடும் புண்ணாக்கும்தான்.

இதன் கதை 1992இல் புவனேஸ்வரம் அருகே கௌசல்யாகங்காவில் தொடங்குகிறது. மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நார்வே விஞ்ஞானிகளோடு சேர்ந்து கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, கோமதி, சட்லஜ் என்று ஆறு ஆறாகப் போய் ரோகு திரட்டியது. நன்றாக வளர்ந்த குடும்பங்களைப் பொறுக்கி இணைத்தார்கள். தலைமுறைக்குச் சுமார் 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. அதை வெளியிட்ட 1997, சுதந்திரப் பொன்விழா ஆண்டு. அதனால்தான் ஜெயந்தி என்ற பெயர்.

வேகமாக வளர்கிற மீனை எடை போட்டே பொறுக்கிவிடலாம். நோய் தாங்குகிற மீனை எப்படிப் பொறுக்குவது? ஏரோமோனாஸ் கிருமி ரோகுவை உடம்பெல்லாம் புண்ணாக்கிக் கொல்லும். கிருமியை ஏற்றிச் சோதித்த மீனைத் தாய்மீனாக வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே உடன்பிறப்புகளைச் சோதித்து, பிழைத்தது எத்தனை என்று பார்த்து, அந்தக் குடும்பம் முழுவதற்கும் ஒரே மதிப்பெண் போடுவார்கள். ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவனுக்கு அடிக்கடி சளி பிடிக்கும், இன்னொருவன் மழையில் நனைந்தாலும் தும்மமாட்டான் இல்லையா? மரபணு வாசிப்பு அந்த ஒருவனைக் காட்டிக்கொடுக்கிறது. துடுப்பில் ஒரு துணுக்கு வெட்டினால் போதும். டி.என்.ஏ.வில் ஆயிரக்கணக்கான இடங்களைப் படித்து, இதுவரை நோயே பார்க்காத மீனின் தாக்குப்பிடிக்கும் திறனைக் கணித்துவிடுகிறார்கள்! 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், காடார்ட் என்ற மூன்று விஞ்ஞானிகள் கால்நடைகளுக்காகப் போட்ட கணக்கு இது. நம் ரோகுவில் ஏரோமோனாஸ் எதிர்ப்போடு தொடர்புள்ள மரபணுப் பகுதிகளைக் காட்டும் ஆய்வு 2014இல் வந்தது. 2020இல் ரோகுவின் முழு மரபணுத் தொகுதியையும் வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். நார்வேயில் சால்மன் குஞ்சுகளை அழித்துக்கொண்டிருந்த ஒரு வைரஸ் நோயையும் டி.என்.ஏ. அடையாளத்தைப் பார்த்துத் தாய்மீனைப் பொறுக்கித்தான் பெருமளவு அடக்கினார்கள்.

கட்லா மீனையும் விடவில்லை. டி.என்.ஏ. அடையாளங்களைப் பார்த்து உருவாக்கிய அம்ரித் கட்லா வந்திருக்கிறது.

நம்மூர்க்காரர்களுக்கு ஒன்று. ரோகுவும் கட்லாவும் தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது. 1957இல் விஞ்ஞானி ஹிராலால் சௌதுரி ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சுப் பொரிப்பகங்களே பெருகின. ஆகவே கண்மாய்க்கு வரும் குஞ்சின் தரம் முழுக்கப் பொரிப்பகத்துத் தாய்மீனின் கையில். வாங்கும்போது, “அண்ணாச்சி, தாய்மீன் எங்க எடுத்தீங்க, எத்தனை வருசமா அதையே வச்சிருக்கீங்க?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வருகிற மழைக்கு என் குட்டையில் மேல்மட்டத்துக்கு அம்ரித் கட்லா, நடுவில் ஜெயந்தி, அடியில் மிருகால். குஞ்சுக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.