ஒரு கழுவல் குறைவாக

மறைமலை நகரில் வீடு எழும்பாமல் கிடக்கும் மனைகளின் வேலியில் கோவையும் முடக்கத்தானும் பின்னிக் கிடக்கும். நடுவே ஒரு வேப்பமரம் இருந்தால் அண்ணாந்து பாருங்கள். இதய வடிவ இலை, கிளையிலிருந்து நூல் நூலாகத் தொங்கும் விழுது: சீந்தில். அடியில் வெட்டினாலும் சாகாது, மேலிருந்தே விழுதை இறக்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வேம்பில் ஏறியதற்குத்தான் வைத்தியர்களிடம் மவுசு.

கஷாயம் யாரும் வைத்துவிடலாம். கைத்திறன் தெரிவது தண்டிலிருந்து சீந்தில் சர்க்கரை என்கிற மாவை எடுப்பதில். கட்டைவிரல் கனத்துக்கு முற்றிய தண்டு வேண்டும். காகிதம் போன்ற மேல்தோல் நகம் பட்டாலே உரியும். குறுக்கே நறுக்கினால் வண்டிச் சக்கரத்து ஆரக்கால்கள் தெரியும். உரலில் நசுக்கி, பானைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் கையால் நன்றாகப் பிசைந்து, சக்கையைப் பிழிந்தெறிந்து, துணியில் வடிகட்டுவார்கள். அப்புறம் பானையைத் தொடக் கூடாது. மாவு அடியில் படியும். மேலே நிற்கும் பழுப்புத் தண்ணீரை இறுக்கும்போதுதான் கைகாரர் யாரென்று தெரியும். மணிக்கட்டு சற்றே அவசரப்பட்டால் படிந்ததெல்லாம் கலைந்து தண்ணீரோடு போய்விடும். மறுபடி நல்ல தண்ணீர், மறுபடி காத்திருப்பு. கூடை நிறையத் தண்டு போட்டாலும் வெயிலில் காய்ந்து மிஞ்சுவது கையளவு.

எத்தனை முறை கழுவுவது? பால்வெள்ளையாகும்வரை என்பார்கள். கடையில் விற்பதற்கு அந்த வெள்ளை சரி, எனக்கு ஒப்பவில்லை. பெர்பெரின் போன்ற கசப்புச் சத்துகள் தண்ணீரில் கரைந்து போகிறவை. வெளுப்பு ஏற ஏற, மிஞ்சுவது வெறும் மாவுதான். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தால் முதலில் ஒன்றும் தெரியக் கூடாது. கரைந்த பிறகு அடிநாக்கில் கசப்பு எட்டிப் பார்க்க வேண்டும். லேசாக மங்கிய வெள்ளை, விரலிடுக்கில் நறநறக்காத நைஸ். அதற்கு ஒரு கழுவல் முன்னாலேயே நிறுத்தத் தெரிய வேண்டும்.

கொரோனா காலத்தில் ஆளாளுக்குக் கொடியைப் பறித்து இடித்தார்கள். 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததாக எழுதினார்கள். அதே குடும்பத்து வேறு கொடியை மாற்றிப் பறித்திருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். வழக்கு எப்படியானாலும், தண்டெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருக்கும் கொடியைத் தொடாதீர்கள். ஈரல் தொந்தரவு உள்ளவர்கள் தாங்களாக இடித்துக் குடிக்கவே வேண்டாம். மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம்.