குரல் மாயாவுடையது, படம் யாருடையது?

தமிழ்ப் பெண்ணொருத்தி ஆஸ்கர் வரை போய்விட்டார் என்று புளகாங்கிதம் அடைகிறவர்களும், மேற்குக்கு விலைபோய்விட்டார் என்று ஒதுக்குகிறவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். இரண்டு தரப்புமே பாட்டைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. எம்.ஐ.ஏ. எனப்படும் மாயா அருள்பிரகாசம் ராப்பிலிருந்து சினிமாப் பாட்டுக்குள் நுழைந்ததை இந்த இரு சொல்லாடல்களுக்கும் வெளியே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு குரல் சினிமாவுக்குள் போகிறபோது அது பேசிவந்த பேச்சும் கூடவே போகிறதா என்பதுதான் என் கேள்வி.

1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, இடையில் கொஞ்ச காலம் சென்னையில் இருந்து, 1986இல் அகதியாக மறுபடி லண்டன் போனவர் மாயா. அப்பா அருளர், ஈரோஸ் இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அம்மா கலா தையல் வேலை செய்தவர். முதல் தொகுப்புக்கு ‘அருளர்’ (2005) என்றும் அடுத்ததற்குக் ‘கலா’ (2007) என்றும் மாயா பெயர் வைத்தார். இயக்க வரலாறுகளில் பெயர் பெற்ற அப்பாவுக்குப் பக்கத்தில், அந்த வரலாறுகளில் அடிக்குறிப்பாகக்கூட வராத அம்மாவையும் சரியாசனத்தில் உட்கார வைத்த காரியம் அது. இதை நாம் இன்னும் நிறையப் பேசியிருக்கணும்.

2006இல் அமெரிக்க விசா சிக்கலாகிவிட, ‘கலா’ பல நாடுகளில் அலைந்து உருவானது. கோடம்பாக்கத்தில் ரஹ்மானின் ஒலிப்பதிவுக் கூடத்திலும் வேலை நடந்தது. சாவுக்கும் சாமிக்கும் நம்ம ஊரில் அடிக்கிற உறுமி அதில் முன்னால் வந்து அதிர்ந்தது. ‘தளபதி’யில் (1991) இளையராஜா போட்ட பாட்டு, ‘ஜெயம்’ (2003) படத்துத் திருவிழாப் பாட்டு ஆகியவற்றிலிருந்து துண்டுகள் எடுக்கப்பட்டன. ‘டிஸ்கோ டான்சர்’ (1982) பாட்டு ஒன்று திரும்பப் பாடப்பட்டது. இங்கே கச்சாப் பொருளாக இருப்பது சினிமா, அதை வெட்டி ஒட்டுகிறவர் மாயா என்பது கவனத்திற்குரியது. கதாநாயகனுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த கும்பல் முன்வரிசைக்கு வந்து வாய் திறந்த மாதிரி இருந்தது.

2008இல் இந்த உறவு தலைகீழாகிறது. டானி பாயிலின் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ரஹ்மானோடு சேர்ந்து ‘ஓ சாயா’வை எழுதிப் பாடினார். போலீஸ் துரத்த, மும்பைச் சேரிச் சிறுவர்கள் ஓடுகிற காட்சிக்கு அது ஒலிக்கிறது. ‘கலா’வில் சேரி நின்று பேசுவதற்கான இடமாக இருந்தது. படத்திலோ ஓடித் தப்பிக்க வேண்டிய இடமாகிவிட்டது. அவருடைய ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டும் இதே படத்தில் உண்டு. குடியேறி என்றாலே கள்ள விசா, துப்பாக்கி, காசு என்று பார்க்கிற கண்ணைக் கிண்டல் செய்கிற பாட்டு அது. துப்பாக்கி வெடிப்பதும் கல்லாப்பெட்டி திறப்பதும்தான் அதற்குத் தாளம். தொலைக்காட்சிக்காரர்கள் அந்த வெடிச்சத்தத்தை மாற்றிப் போட்டார்கள். படத்தில் அது ரயிலில் திரிகிற சிறுவர்களின் குதூகலத்துக்குப் பின்னணி. கிண்டல் உதிர்ந்து குஷி மட்டும் மிஞ்சியது.

திருநீர்மலையில் இருக்கிற எனக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய கோட்பாடெல்லாம் வேண்டியதில்லை. தமிழ்ப் படங்களில் காதலர்கள் ஓடிவந்து தாலி கட்டிக்கொள்கிற கோயில் எங்க ஊர்க் கோயில். திரையில் படிக்கட்டு தெரியும், கோபுரம் தெரியும், மாலை தெரியும். அடிவாரத்துத் தெருக்கள் தெரியாது. சாதி மாறிக் கட்டிக்கொண்டவர்களை அவரவர் ஊர் என்ன செய்யும் என்பதும் தெரியாது. இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரை விட்டுவிடுவது சினிமாவின் வழக்கம். மாயாவின் குரலும் அப்படியொரு லொக்கேஷன் ஆயிற்று.

தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2009 ஜனவரியில் வன்னியில் நடப்பது பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சியில் மாயா பேசினார். பிப்ரவரி 22 அன்று ஆஸ்கர். ‘ஓ சாயா’வும் ‘ஜெய் ஹோ’வும் பரிந்துரையில் இருந்தன, ‘ஜெய் ஹோ’ வென்றது. பிரசவித்துச் சில நாட்களே ஆகியிருந்த மாயா வரவில்லை. பாட்டு அவரில்லாமலே மேடையேறியது. அந்த மேடையில் தமிழ் ஒலித்ததை இங்கே நாம் கொண்டாடினோம். அந்த நேரத்தில் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. மே மாதம் முள்ளிவாய்க்கால்.

2010இல் ‘பார்ன் ஃப்ரீ’ பாட்டுக்கு ரோமான் காவ்ராஸ் இயக்கிய காணொளி வந்தது. செம்பட்டை முடிக்காரர்களைப் பிடித்துப் போய்ச் சுடுகிற படையைக் காட்டியது அது. யூடியூப் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. அடுத்தவர் பிம்பத்துக்குக் குரல் கொடுத்தால் பரிந்துரை, தன் குரலுக்கான பிம்பத்தைத் தானே தேடிக்கொண்டால் தடை!

அதே 2010இல் ‘எந்திரன்’ படத்தின் ‘இரும்பிலே ஓர் இருதயம்’ பாட்டில், சிங்கப்பூரைச் சேர்ந்த லேடி காஷும் கிறிஸ்ஸியும் ராப் எழுதிப் பாடினார்கள். ரோபோவின் காதலுக்குள் இரண்டு பெண்களுக்குச் சில வரிகள், அவ்வளவுதான். தாமரையும் உமாதேவியும் முழுப் பாட்டு எழுதுகிற இடத்தைப் போராடிப் பிடித்தவர்கள். ஆனாலும் வரி எழுதியவருக்கு அதன் மேல் ஓடப்போகிற காட்சியைத் தீர்மானிக்கிற அதிகாரம் இல்லை.

சரி, அப்ப சினிமாவுக்கே போகக் கூடாதா? வாடகை கட்ட வேண்டிய ஒரு பெண்ணிடம் அப்படிச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ‘எவ்வளவு தருவீங்க’ என்று கேட்கிற அதே மூச்சில் ‘எந்தக் காட்சிக்கு’ என்றும் கேட்க முடியணும். தனி ஆளாக நின்று அதைக் கேட்டால் வாய்ப்புப் போய்விடும். பாட்டெழுதுகிறவர்கள் கூட்டாக நின்று கேட்டாக வேண்டிய கேள்வி அது.