ரப்பீஸ் அள்ள எந்த வண்டி?

அமெரிக்காவில் வீட்டை இடித்துக் கட்டுபவர்கள் வாசலில் ஒரு இரும்புத் தொட்டியை வாடகைக்கு இறக்கிக்கொள்கிறார்கள். பத்து கன கெஜம், இருபது கன கெஜம் என்று அளவு சொன்னால் போதும், நிரம்பியதும் லாரி வந்து தூக்கிப் போகும். தாம்பரம் பக்கம் சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ அப்படி ஒரு தொட்டியைத் தெருவில் வைத்தால் எதிர்வீட்டுக் கார் வெளியே வராது. அதனால் இங்கே வண்டியேதான் தொட்டி. குட்டி யானையா, ஒரு யூனிட் (நூறு கன அடி) டிப்பரா, இரண்டு யூனிட் லாரியா என்பதுதான் தாம்பரத்தில் பாத்ரூம் இடிப்பவர் முன் நிற்கும் கேள்வி. பெரும்பாலோர் குவியலைக் கண்ணால் பார்த்து, 'ஒரு குட்டி யானைக்குத்தான் வரும்' என்று முடிவு கட்டுகிறார்கள். ரப்பீஸ் என்கிற கட்டட இடிபாட்டைப் பொறுத்தவரை கண் சொல்லும் கணக்கு தப்பு. பெட்டி நிரம்பும் முன்பே வண்டியின் எடை வரம்பு முடிந்துவிடும்.

குட்டி யானை என்று நாம் அழைக்கும், 2005-ல் வந்த டாடா ஏஸையே எடுத்துக்கொள்வோம். பழைய மாடலின் பெட்டி ஏறக்குறைய 7.2 அடி நீளம், 4.9 அடி அகலம், பக்கப் பலகை ஒரு அடி உயரம். மட்டமாக நிரப்பினால் 35 கன அடி கொள்ளும். செங்கல், சிமென்ட் பூச்சு, டைல்ஸ் கலந்த உதிரி இடிபாடு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.3 டன் எடை இருக்கும். அப்படியென்றால் மட்டமாக நிரம்பிய ஏஸில் 1.3 டன் ஏறியிருக்கும். வண்டி சுமக்கக்கூடியதோ சுமார் 750 கிலோதான். அதாவது பெட்டியில் ஏழு அங்குலம் வந்ததும் சட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். பலகையில் இன்னும் ஐந்து அங்குலம் காலியாகத் தெரியும்போது எந்த லோடுமேனும் நிறுத்துவதில்லை. பட்டை ஸ்பிரிங் நிமிர்ந்து பின்பக்கம் தாழ்ந்த பிறகும் மேலே நாலு மூட்டை ஏறும்.

இனி வேலையின் கணக்கு. எட்டுக்கு ஐந்து அடி பாத்ரூமில் ஏழடி உயரச் சுவர் டைல்ஸைப் பூச்சோடு பெயர்த்தால் ஏறக்குறைய 16 கன அடி. தரையைச் சங்கன் (தாழ்த்திய தளம்) பகுதி வரை தோண்டி, முக்கால் அடி ஆழத்துக்கு நிரப்பியிருந்த செங்கல் உடைசலை எடுத்தால் இன்னொரு 30 கன அடி. பெயர்த்துப் போட்டதும் இது ஊதிப் பெருகி 65, 70 கன அடிக்கு வரும். எடை இரண்டரை டன்னை நெருங்கும். ஏஸுக்கு இது நாலு நடை. நூறு கன அடி கொள்ளும் ஒரு யூனிட் மினி டிப்பருக்கு ஒரே நடை, ஹைட்ராலிக் இருப்பதால் மண்வெட்டி போட்டு இறக்கும் கூலியும் இல்லை. மொட்டைமாடியின் மேல்தளப் பூச்சான வெதரிங் கோர்ஸ் என்றால் வேறு உலகம். 600 சதுர அடியில் நாலு அங்குலக் கனம் என்றாலே பெயர்த்தபின் மூன்று யூனிட்டுக்குக் கிட்டே, ஒன்பது டன்னுக்கு மேல். அதற்கு ஏஸ் கூப்பிடுவது வீண்.

'ஊரெல்லாம் ஏஸில் ஒன்றரை டன் ஓடுகிறதே, நமக்கென்ன?' என்று கேட்கலாம். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மாட்டினால் டிரைவருக்குத்தான் என்றாலும், அந்த ஆபத்தை வாடகையில் சேர்த்தே கேட்பார். வேளச்சேரி சாலையில் முன்னால் போகும் கார் சட்டென்று நிற்கும்போது இரட்டிப்புப் பாரத்தோடு பிரேக் பிடிப்பது இன்னொரு விஷயம். டிப்பரிலும் ஏமாறக் கூடாது. முழு யூனிட் இடிபாடு மூன்றரை டன்னைத் தாண்டும். டாடா 407 ரக டிப்பர்களில் பல அவ்வளவு தாங்கப் பதிவானவை அல்ல. ஆர்.சி.யில் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் உண்மை தெரிந்துவிடும். டிப்பருக்குப் பதில் டிராக்டர் வந்தால், அது விவசாயத்துக்குப் பதிவானதா என்றும் அதன் ஆர்.சி.யில் பார்த்துக்கொள்ளலாம்; அப்படிப் பதிவானதை வாடகைக்கு ஓட்டக் கூடாது.

இன்னொரு வாதம் வலுவானது: பெரிய லாரியில் யூனிட் கணக்கில் வாடகை மலிவு. கணக்கு சரிதான், லாரி வாசல்வரை வந்தால். குறுகலான உள்தெருக்களில் மழைநீர் வடிகால் மூடியின்மேல் சக்கரம் ஏறினால் சிலாப் போய்விடும்; தாழ்வான கேபிள் கம்பிகள் வேறு. லாரி தெருமுனையில் நின்றால் அங்கே வரை சுமக்கும் கூலியில் மலிவெல்லாம் கரையும். லாரி நிரம்பும் அளவு சேரட்டும் என்று குவித்து வைத்தாலோ ஐப்பசி மழையில் பாதி வடிகாலுக்குள் இறங்கும், மீதி நனைந்து கனக்கும். தெருவையோ வடிகாலையோ அடைக்கக் கூடாது என்ற பொறுப்பை 2016-ம் ஆண்டு மத்திய அரசின் இடிபாட்டுக் கழிவு விதிகளே கழிவை உண்டாக்குபவர்மீதுதான் வைத்தன. வீட்டுக்காரர் என்று அதற்கு அர்த்தம், கொத்தனார் அல்ல.

ஆகவே என் தீர்ப்பு: பாத்ரூம், சமையலறை வேலைக்கு ஒரு யூனிட் டிப்பர். மாடித் தளம், சுவர் இடிப்பு என்றால் தெரு இடம்கொடுத்தால் இரண்டு யூனிட் லாரி, இல்லையேல் அதே டிப்பர் மூன்று, நாலு நடை. குட்டி யானை மோசமான வண்டி இல்லை. பழைய கதவு, ஃபால்ஸ் சீலிங், அலமாரிப் பலகை போல இடத்தை அடைத்து எடை குறைந்த சாமான்களுக்கு அதை மிஞ்ச ஆளில்லை, சந்துக்குள் திரும்பவும் செய்யும். அதனால் இடிக்கும்போதே மரத்தையும் இரும்பையும் தனியே ஒதுக்கச் சொல்லுங்கள். வாடகை பேசும்போது எங்கே கொட்டுவீர்கள் என்றும் கேளுங்கள். முடிச்சூர்ப் பக்கம் பள்ளமான மனையை மேடாக்க இடிபாடு தேடுபவர்கள் உண்டு; உரிமையாளர் கேட்டு வாங்குகிற மனை என்றால் சரி. பதில் செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் போனால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். அந்த ஏரியின் உபரி நீர்தான் கீழே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது.